சிவப்புப் பெட்டிக்கு ஒரு சுவர்

துணிக்கடைக்குப் போனால் வீட்டம்மா புடவையைப் பார்ப்பார், நான் சுவரைப் பார்ப்பேன். முப்பது வருஷத்துக்கு மேல் ஃபயர் அலாரம் வேலை பார்த்தவனுக்கு அந்தப் பழக்கம் லேசில் போகாது. படிக்கட்டு எங்கே, அதன் பக்கத்தில் சிவப்புப் பெட்டி இருக்கிறதா, இருந்தால் அதை மறைத்துப் பொம்மைக்குப் புடவை கட்டி நிறுத்தியிருக்கிறார்களா? என் ஷாப்பிங் அவ்வளவுதான்.

சிவப்புப் பெட்டி என்றதும் தண்ணீர்க் குழாய் சுருட்டி வைத்த பெரிய பெட்டியை நினைத்துக்கொள்ளாதீர்கள். இது உள்ளங்கை அகலம்தான். நடுவில் சின்னக் கண்ணாடி, தீ என்றால் உடைக்கச் சொல்லி ஒரு வரி. மேனுவல் கால் பாயின்ட் என்று பெயர். சைட்டில் ஆட்கள் ‘பிரேக் கிளாஸ்’ என்பார்கள். உள்ளே பெரிய ரகசியம் எதுவும் இல்லை, ஒரு ஸ்விட்ச்தான். கண்ணாடி அதன் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கும். கண்ணாடி உடைந்தால் பட்டன் வெளியே வரும், பேனலில் சிவப்பு விளக்கு எரியும், ஹூட்டர் அலறும். கூரையில் ஸ்மோக் டிடெக்டர் இருக்கிறதே என்பீர்கள். புகை மேலே ஏறி அதனிடம் போய்ச் சேர வேண்டுமே! அதற்கு முன்னால் ஒரு மனிதர் கண்ணில் பட்டுவிட்டால் அவர் கைக்கு என்று ஒன்று வேண்டாமா?

எங்கே மாட்டுவது என்பதில் புத்தகத்தில் குழப்பமே கிடையாது. தரையிலிருந்து 1.4 மீட்டர் உயரம். வெளியேறும் வழியில், படிக்கட்டு வாசலில், மறைப்பில்லாமல். மகள் வீட்டுக்கு நியூஜெர்சி போயிருந்தபோது அங்கேயும் கவனித்தேன். அமெரிக்காவில் உடைப்பதைவிடக் கைப்பிடியைக் கீழே இழுக்கும் பெட்டிதான் அதிகம். உயரம் 42 முதல் 48 அங்குலம், வாசலிலிருந்து 5 அடிக்குள். சக்கர நாற்காலியில் இருப்பவருக்கும் எட்டும். கிட்டே போய்க் குனிந்து பார்த்தேன். மாப்பிள்ளைக்கு முகம் வெளுத்துவிட்டது. “மாமா, தொட்டுடாதீங்க, ஃபயர் சர்வீஸ் வந்துடும்!”

புத்தகம் எழுதியவர் சுவர் இருக்கிறது என்று நினைத்து எழுதிவிட்டார். நாங்கள் போகும் கட்டடங்களில் அந்தச் சுவர்தான் இருக்காது.

ஒரு நகைக்கடை. வாசல் பக்கம் தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி. கதவை ஒட்டியிருந்த அலுமினியச் சட்டமோ இரண்டு விரல் அகலம். ஆர்க்கிடெக்ட் சுலபமாக முடித்துவிட்டார்: “பின்னாடி டாய்லெட் பக்கம் நல்ல சுவர் இருக்கே, அங்க வெச்சுடுங்களேன்.” வயரும் அங்கே மிச்சம், எங்கள் ஆட்களுக்கும் சந்தோஷம். ஆனால் கூட்டம் அப்படி ஓடாது. பதறினால் மனிதர்கள் வந்த வழியிலேயே திரும்புவார்கள். பக்கத்தில் இன்னொரு கதவு இருந்தாலும் பழகிய வாசலைத்தான் தேடுவார்கள். டாய்லெட் பக்கம் வைத்தால் அது இன்ஸ்பெக்‌ஷனுக்கு வைத்த பெட்டி. கடைசியில் வாசலோரம் தரையில் ஒரு ஸ்டீல் பைப்பை நட்டு, அதற்குள் வயரைக் கொண்டுவந்து, தலையில் பெட்டியை மாட்டினோம். கல்லைத் தூக்கித் தரையை வெட்டியதில் இரண்டு ராத்திரி போயிற்று. மூன்றாம் நாள் போய்ப் பார்த்தால் யாரோ அதில் மஞ்சப்பை மாட்டியிருந்தார்கள்!

ஹோட்டல் லாபி ஒன்றில் தூண் முழுக்க வெள்ளை மார்பிள். டிரில் கொஞ்சம் அதிர்ந்தாலும் பலகை விரிசல் விடும். வைரம் வைத்த பிட் போட்டு, தண்ணீர் விட்டு, ஹேமர் ஓட்டாமல் மெல்லத் துளைக்க வேண்டும். வேலை முடிந்ததும் முதலாளி வந்தார், தள்ளி நின்று பார்த்தார், “மார்பிள் கலர்லயே பெயின்ட் அடிச்சுக் கொடுத்துடுங்களேன்” என்றார். அவர் கேலி பேசவில்லை. நிஜமாகத்தான் கேட்டார்.

பாரிமுனைப் பக்கத்துப் பழைய கட்டடங்கள் வேறு ரகம். இரண்டடி கனச் சுவர், எல்லாம் சுண்ணாம்புச் சாந்து. துளை போட்டால் மாவு மாதிரி உதிரும், பிளாஸ்டிக் பிளக் கையோடு வந்துவிடும். ஆணிக்குப் பதில் தேக்குக் கட்டையைச் செதுக்கி அடித்து, அதில் திருகாணி போட்டோம். அந்த வித்தையை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் வயசான ஒரு தச்சர், ஃபயர் அலாரத்தைக் கண்ணால் பார்த்திராதவர்.

1975-ல் மவுண்ட் ரோடு எல்.ஐ.சி. எரிந்தது உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். நான் அப்போது பள்ளிக்கூடப் பையன். 2017-ல் தி.நகரில் பெரிய துணிக்கடை ஒன்று எரிந்து, கட்டடத்தையே இடிக்க வேண்டிவந்தது. இப்படி ஏதாவது நடந்த மறுமாதம் மட்டும் முதலாளிகள் எங்களை உட்காரவைத்துக் காபி கொடுப்பார்கள். அடுத்த தீபாவளிக்குள் பெட்டி முன்னால் ஸ்டாண்டு வந்துவிடும்.

இடம் பார்ப்பதற்கு நான் கண்ட ஒரு வழியைச் சொல்கிறேன். டிராயிங்கை மடித்துவைத்துவிட்டு, ராத்திரி கடை மூடும் நேரத்தில் போய் நிற்பேன். வேலை செய்கிறவர்கள் எந்த வழியாக வெளியே போகிறார்கள் என்று பார்ப்பேன். ஒரு ஜவுளிக்கடையில் அப்படி நின்றபோது, விற்பனைப் பெண்கள், தையல்காரர்கள், பெருக்குகிற அம்மாக்கள் எல்லோரும் பின்பக்க இரும்புப் படியில் இறங்கினார்கள். டிராயிங்கில் அந்தப் படிக்குப் பெயரே கிடையாது. ஒரு பக்கம் ஷட்டர், மறுபக்கம் மீட்டர் போர்டு. மழைச் சாரல் வேறு. நீர் புகாத பெட்டி வாங்கி, ஷட்டர் சட்டத்தை ஒட்டி ஆங்கிள் வெல்டிங் செய்து மாட்டினோம். அந்த ஒரு பெட்டிக்குச் செலவு அதிகம் என்று மேனேஜர் முனகினார்.

ஒப்படைக்கிற அன்று எல்லோரையும் கூப்பிட்டு எப்படி உடைப்பது என்று காட்டினேன். எல்லோரும் தலையாட்டினார்கள். பெருக்குகிற அம்மா ஒருத்தர் மட்டும் கடைசியில் நின்று, முந்தானையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: “நாங்க உடைக்கலாமா சார்? அப்புறம் கண்ணாடிக்குச் சம்பளத்துல புடிச்சா?”

எனக்குப் பதில் வரவில்லை. உயரம், தூரம், வயர் கனம் எல்லாம் சரி பார்த்திருந்தோம். இந்தக் கேள்விக்கு எந்தப் புத்தகத்திலும் பக்கம் இல்லை. அந்தக் கடையில் காபி டம்ளர் உடைந்தால்கூடச் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்று தையல்காரர் ஒருவர் மெல்லச் சொன்னார். மேனேஜரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார்.

“நீங்க இவங்க எல்லார் முன்னாடியும் ஒரு வார்த்தை சொல்லாம நான் சாவியைக் கொடுக்கறதா இல்லை” என்றேன். பேச்சு கொஞ்சம் தடித்தது. பெரியவர், அதாவது முதலாளியின் அப்பா, கல்லாவிலிருந்து எழுந்து வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு அந்த அம்மாவிடம், “நெருப்புன்னு தோணினா உடைம்மா. தப்பா உடைச்சாலும் பரவால்ல. யாரும் காசு புடிக்க மாட்டாங்க” என்றார். அதை ஒரு அட்டையில் தமிழில் எழுதி, தன் கையெழுத்தும் போட்டு, பெட்டிக்கு மேலே ஒட்டச் சொன்னார்.

அதற்கு அடுத்த வருஷம் மழைக்காலத்தில் அந்தக் கடையிலிருந்து போன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் தையல் அறையில் இஸ்திரிப் பெட்டியை அணைக்காமல் விட்டிருக்கிறார்கள். துணிக்குவியலில் பிடித்துவிட்டது. படிக்கட்டு பெருக்கிக்கொண்டிருந்த அந்த அம்மாவுக்கு நாற்றம் தெரிந்திருக்கிறது. துடைப்பக் கட்டையாலேயே ஒரு இடி. ஆட்கள் எல்லாம் இறங்கிவிட்டார்கள். மணல் வாளி, தீயணைப்பு சிலிண்டரோடு அணைந்துவிட்டது. ஒரு மேஜையும் கொஞ்சம் பிளவுஸ் துணியும்தான் போயிற்று.

மேனேஜர் போனில் இதையெல்லாம் சொல்லி முடித்துவிட்டு, “சார், கண்ணாடி ஒண்ணு மாத்தணும்” என்றார். நானே கொண்டுபோய் மாட்டினேன். அந்த அம்மா கீழே நின்று, திருகாணி முழுக்க இறங்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தார். பில் போடவில்லை.