பொழுதோடு உண்பவர்

மேல்சித்தாமூரில் என் பெரியம்மா வீட்டில் மாலை ஐந்தரைக்கெல்லாம் அடுப்பு அணைந்துவிடும். பொழுது சாய்ந்தபின் உண்பதில்லை என்பது தமிழ்ச் சமணக் குடும்பங்களில் தலைமுறைகளாக வரும் நெறி. பார்சுவநாதர் கோயிலும் ஜினகாஞ்சி மடமும் இருக்கும் ஊரில் அதை யாரும் விரதம் என்றுகூடச் சொல்வதில்லை. ஒன்பது மணிக்குத் தெரு உறங்கிப் போயிருக்கும். அந்த ஒன்பது மணிக்குத்தான் பெரியம்மா எழுந்து, காய்ச்சி ஆறிய தண்ணீர் ஒரு வாய் விட்டு மாத்திரையை விழுங்குவார். மருந்துக் கடையில் கொடுத்தவர் ‘ராத்திரிக்கு ஒண்ணு’ என்று சொல்லியிருந்தார்.

“சாப்பிட்ட பிறகுதானே போடணும் பெரியம்மா?”

“சாப்பிட்டுத்தானேடா இருக்கேன், பொழுதோட. மருந்துக்குத் தோஷமில்ல.”

2006-ஆம் வருஷம் அது. சிக்குன்குனியா தமிழ்நாட்டையே முடக்கிப் போட்டிருந்தது. காய்ச்சல் நாலு நாளில் இறங்கியது, மூட்டு வலி மாதக்கணக்கில் இறங்கவில்லை. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கும் நேரத்தில் குனிய முடியாமல், பிடித்த கைப்பிடியை விரிக்க முடியாமல், எங்கள் செஞ்சிப் பக்கம் எத்தனையோ பேர் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார்கள். மருந்துக் கடையில் செட்டு மாத்திரை கிடைத்தது. ஒரு காகிதப் பொட்டலத்தில் மஞ்சள் ஒன்று, வெள்ளை இரண்டு. அதில் ஒன்று டைக்ளோஃபினாக் என்பது பின்னால்தான் எங்களுக்குத் தெரிந்தது. போட்ட ஒரு மணி நேரத்தில் முட்டி மடங்கியது. மடங்கிய முட்டியோடு பெரியம்மா கோயிலைச் சுற்றி வந்தார். அந்த நிம்மதியை நான் குறை சொல்ல மாட்டேன். வலியில் கிடப்பவருக்கு ஒரு மணி நேர நடை பெரிய விஷயம்.

எட்டாவது மாதம் மூச்சு வாங்கியது. முகம் வெளுத்தது. மலம் தார் மாதிரி கறுப்பாகப் போவதைப் பல நாள் அவர் யாரிடமும் சொல்லவில்லை. இதை எப்படி வெளியே சொல்வது என்ற கூச்சம். புதுச்சேரியில் ஒரு மருத்துவமனையில் குழாய் விட்டுப் பார்த்தார்கள். இரைப்பையில் இரண்டு புண், ஒன்றிலிருந்து இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. “வயிறு வலிக்கவே இல்லையே?” என்று நான் கேட்டேன். வலி தெரியாமல் இருக்கத்தானே அந்த மாத்திரை என்றார் மருத்துவர். புண் ஆக்கிய மருந்தே அதன் வலியையும் மூடி வைத்திருந்தது.

அன்று மருத்துவர் சொன்னதும், பின்னர் நான் தேடிப் படித்ததும் சேர்ந்து எனக்குப் புரிந்தது இவ்வளவு. காயமோ வீக்கமோ வந்த இடத்தில் செல்கள் தம் சவ்விலுள்ள ஒரு கொழுப்பு அமிலத்தை எடுத்து, ஒரு நொதியின் உதவியால் புரோஸ்டாகிளாண்டின் செய்கின்றன. வலி, வீக்கம், காய்ச்சல் மூன்றிலும் அதற்குப் பங்கு உண்டு. 1930-களில் சுவீடனில் உல்ஃப் வான் ஆய்லர் அதை விந்தில் கண்டார். புராஸ்டேட் சுரப்பியிலிருந்து வருவதாக எண்ணி இந்தப் பெயரை வைத்தார். பெயர் அப்படியே நின்றுவிட்டது. ஆனால் உடம்பில் அது இல்லாத இடம் அரிது. 1971-ல் லண்டனில் ஜான் வேன், ஆஸ்பிரின் போன்ற மருந்துகள் இந்தப் பொருளை உண்டாகவிடாமல் தடுக்கின்றன என்று காட்டினார். 1982-ல் அவருக்கும் சுவீடனின் பெர்க்ஸ்ட்ரோம், சாமுவேல்சன் இருவருக்கும் நோபல் பரிசு.

முட்டியில் வலியைக் கூட்டும் அதே பொருள் இரைப்பையில் காவல் வேலை பார்க்கிறது. எங்கள் பக்கத்து ஏரிகளுக்கு நீர்க்கட்டி என்று ஒருவர் இருப்பார். மதகை எவ்வளவு திறப்பது என்பதும் அவர் பொறுப்பு, கரையில் எலி வளை விழுந்திருக்கிறதா என்று பார்ப்பதும் அவர் பொறுப்பு. புரோஸ்டாகிளாண்டின் அப்படித்தான். நாளொன்றுக்கு இரண்டு லிட்டர் அளவுக்கு இரைப்பை நீர் சுரக்கிறது. அமிலம் சுரக்கும் செல்களிடம் போய் ‘போதும்’ என்று அடக்குவது புரோஸ்டாகிளாண்டின். சுவரில் சளிப் படலத்தைச் சுரக்கவைப்பதும், அந்தப் படலத்துக்குள் காரத்தைச் சேர்ப்பதும், செல்கள் தேய்ந்த இடத்தில் புதியவை வளர இரத்த ஓட்டம் குறையாமல் பார்ப்பதும் இதுவே. ஒரு மில்லிமீட்டர்கூடத் தடிமன் இல்லாத அந்தப் படலத்தின் மேல்புறம் கடும் அமிலம், அடிப்புறம் செல்லை ஒட்டி ஏறக்குறைய நல்ல தண்ணீர் மாதிரி. இதை முதன்முதலில் படித்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது.

வலி மாத்திரைக்கு முட்டி எது, வயிறு எது என்று தெரியாது. இரத்தத்தில் கலந்து போகும் இடமெல்லாம் அந்த நொதியை அடைக்கிறது. அமிலத்தின் கட்டுப்பாடு தளர்கிறது, அதைவிட மோசமாகக் கரை மெலிகிறது. இரத்தத் தட்டணுக்கள் ஒட்டிச் சேர்வதற்கும் அந்த நொதி வேண்டும் என்பதால், புண் விழுந்தால் கசிவு லேசில் நிற்பதுமில்லை. மாத்திரைதானே வயிற்றைக் கெடுக்கும், ஊசி போட்டுக்கொண்டால் ஒன்றும் ஆகாது என்று ஊரில் உறுதியாகச் சொல்வார்கள். இடுப்பில் போட்டாலும் மருந்து இரத்தத்தின் வழியாக இரைப்பைச் சுவருக்கு வந்தே தீரும். இதை நான் பார்க்கிற ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அந்த நொதியில் வலிக்கான வகையை மட்டும் அடைக்கும் மருந்துகளும் வந்தன. அவற்றில் ஒன்றான ரோஃபிகாக்சிப், மாரடைப்பைக் கூட்டுகிறது என்று 2004-ல் உலகம் முழுக்கத் திரும்பப் பெறப்பட்டது. நம் நாட்டில் மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபினாக், செத்த மாட்டைத் தின்ற பாறுக் கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்து அந்த இனத்தையே ஏறக்குறைய துடைத்தெடுத்தது. கால்நடைக்கு அதை அரசு தடை செய்ததும் பெரியம்மா அதை விழுங்கிக்கொண்டிருந்த அதே 2006-ல்தான். எறும்பைக் கண்டால்கூட ஒதுங்கி நடப்பவர் அவர். கழுகுகளைப் பற்றிச் சொன்னபோது நெடுநேரம் பேசாமல் இருந்தார்.

ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்த உறவினர்கள் ஒரே குரலில் சொன்னார்கள், ராத்திரி பட்டினி கிடந்ததுதான் அல்சருக்குக் காரணம் என்று. அதை என்னால் ஏற்க முடியவில்லை. செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றில் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்த சந்திரநந்தி ஆசிரியர் பெயரைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். இந்த மண்ணில் உண்ணாமை அவ்வளவு பழையது. மாலையில் உண்டு காலை வரை சும்மா இருக்கும் வயிறு தன்னைத் தானே தின்பதில்லை. அல்சருக்குப் பெரும்பாலும் காரணம் இரண்டு: ஹெலிகோபாக்டர் என்னும் கிருமி, அல்லது இந்த மாத்திரைகள். கிருமி இருக்கிறதா என்று சோதித்தார்கள், இல்லை. ஐந்தரை மணிச் சோற்றோடு சேர்த்துப் போட்டிருந்தால் நேரடி எரிச்சல் கொஞ்சம் குறைந்திருக்கலாம். எட்டு மாதம் விடாமல் போட்டதற்கு அது ஈடாகியிருக்காது. அவர் நெறியில் பிழையில்லை. எட்டு மாதத்தில் ஒருவராவது ‘நீங்கள் எப்போது சாப்பிடுவீர்கள்?’ என்று கேட்டிருக்கலாம்.

மருத்துவர் வலி மாத்திரையை நிறுத்தினார். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையைக் காலையில் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போடச் சொன்னார். புரோஸ்டாகிளாண்டினைப் போலவே செயற்கையாகச் செய்த மிசோப்ரோஸ்டால் என்ற மாத்திரை உண்டு, ஆனால் வயிற்றுப்போக்கும் இழுப்பு வலியும் தரும் என்றார். கருப்பையைச் சுருக்குவதால் அது இப்போது பிரசவ அறையில்தான் அதிகம் பயன்படுகிறதாம். முட்டிக்கு, இரைப்பையைப் பெரிதாகத் தொடாத பாராசிட்டமாலும் வெந்நீர் ஒத்தடமும்.

இரண்டு மாதத்தில் முகத்தில் நிறம் திரும்பியது. அடுத்த கோடையில் பல்வலிக்குத் திண்டிவனம் போனோம். மருத்துவர் சீட்டில் எழுதத் தொடங்கியதும் பெரியம்மா மேசை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “ஐயா, எனக்கு வயித்துல புண்ணு வந்து ரத்தம் போயிருக்கு. அப்புறம் நான் பொழுதோட சாப்பிடறவ. அதையும் எழுதிக்குங்க.”

மருத்துவர் பேனாவை நிறுத்தினார். எழுதிய முதல் வரியை அடித்தார்.