ஐவர் பணியும் ஒரு பலகையும்

நூலகம் என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுபவை அடுக்குகளும் அமைதியுமே. அவ்வமைதிக்குப் பின்னால் நடைபெறும் வேலைகளை அறிந்தோர் சிலர். ஒரு நூல் வாசகரின் கையை எட்டுவதற்குமுன் அதனைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். பகுப்பெண் இட வேண்டும். முதுகில் சீட்டு ஒட்ட வேண்டும். கிழிந்திருந்தால் தைத்துக் கட்ட வேண்டும். எங்கள் பங்கின் சிறு நூலகத்தில் இவற்றையெல்லாம் செய்வோர் ஐவர்: பகுதிநேர நூலகர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கல்லூரியில் பயிலும் பெண் ஒருவர், நூல் கட்டும் பெரியவர், இவர்களோடு அடியேன்.

யார் எதைச் செய்கிறார் என்பதை வாட்ஸ்அப் குழுவில் எழுதி வந்தோம். திருமண வாழ்த்துகளுக்கும் மழைச் செய்திகளுக்கும் இடையே அவை காணாமற்போயின. எனவே பணிகளைப் பகிர்ந்து கண்காணிக்கும் மென்பொருள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முனைந்தோம்.

"கோஹா இருக்கும்போது இன்னொன்று எதற்கு, சாமி?" என்றார் ஆசிரியர். நியாயமான கேள்வி. நியூசிலாந்தின் ஒரு வட்டார நூலக அறக்கட்டளைக்காக உருவாக்கப்பட்டு, 2000 சனவரியில் பயன்பாட்டுக்கு வந்த கட்டற்ற மென்பொருள் கோஹா. மாவோரி மொழியில் அச்சொல்லுக்குக் கொடை என்று பொருள். நம் நாட்டு நூலகங்கள் பலவும் அதனைப் பயன்படுத்துகின்றன. ஆனால், அது நூல்களின் கணக்கை வைத்திருப்பது. ஒரு நூல் யாருடைய மேசையில், எதற்காகக் காத்திருக்கிறது என்னும் மனிதரின் கணக்கு வேறு.

நாங்கள் பார்த்தவற்றுள் சில, நாள்காட்டியின்மேல் நீண்ட பட்டைகளை வரைந்து காட்டின. பாலம் கட்டுவோருக்கு அவை பொருந்தும். அங்கே தொடக்கமும் முடிவும் உண்டு. நூலகப் பணியோ வாய்க்கால் நீர்போல ஓடிக்கொண்டிருப்பது. இறுதியில் மாணவி காட்டிய ட்ரெல்லோ எங்களுக்கு ஏற்றதாகத் தோன்றியது. ஒரு பலகை, அதில் சில பத்திகள், பத்திக்குப் பத்தி நகரும் சீட்டுகள், அவ்வளவே. டொயோட்டா தொழிற்சாலையில் டாயிச்சி ஓனோ வளர்த்தெடுத்த கன்பான் சீட்டு முறையின் வழிவந்த எண்ணம் இது. அமெரிக்கப் பல்பொருள் அங்காடிகளில், எடுத்துச் சென்ற அளவுக்கே அடுக்கை மீண்டும் நிரப்புவதைக் கொண்டு அவர் சிந்தித்தாராம். நூல் அடுக்குகளைப் பார்த்துப் பழகியோருக்கு இது அந்நியமன்று.

மென்பொருளின் வசதிகளை எண்ணிப் பார்த்துத் தேர்வோர் பலர். அதில் எழுதப்போகிறவர் யார் என்று கேட்பதே முதன்மையானது என்பது என் கருத்து. எங்கள் பெரியவரிடம் இருப்பது பொத்தான் வைத்த பழைய கைபேசி. தட்டச்சு செய்வோரின் உழைப்பை மட்டும் காட்டும் பலகை, பசையும் ஊசியும் பிடிப்பவரின் உழைப்பை மறைத்துவிடும். ஆகவே சனிக்கிழமைதோறும் மாணவி அவரிடம் கேட்டு, அவருடைய சீட்டுகளை நகர்த்துவது என்று முடிவாயிற்று. நூலுக்கொரு சீட்டு வேண்டா, பத்து நூல்கள் கொண்ட கட்டுக்கு ஒன்று போதும் என்றும் வைத்துக்கொண்டோம். சீர்காழியில் பிறந்த இரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளுள் நான்காவது வாசகரின் நேரத்தைப் பற்றியது. பலகையை நிரப்பச் செலவாகும் நேரமும் அவர்களிடமிருந்து எடுத்ததே.

ஒன்றில் மட்டும் நான் பிடிவாதமாக இருந்தேன். எந்த வாசகர் எந்நூலைக் கேட்டார் என்பது சீட்டில் வரலாகாது. பலகையிலுள்ள எழுத்து எங்கோ தொலைவிலுள்ள கணினியில் தங்குகிறது. ஒருவர் எதைப் படிக்கிறார் என்பது அவருடைய அந்தரங்கம். அந்தரங்கம் காப்பது என் பணிக்குப் புதிதன்று.

மூன்று வாரங்கள் சென்றன. அதுவரை, "பட்டியல் முடியாததற்கு அந்தப் பெண்ணின் மெத்தனமே காரணம்" என்ற பேச்சு இருந்துவந்தது. பலகையோ வேறொன்றைக் காட்டியது. அவளுடைய பத்தியில் ஒரே சீட்டு. 'கட்டுமானம்' என்ற பத்தியில் பதினான்கு. நூற்று நாற்பது நூல்கள் பெரியவரின் திண்ணையில் கிடந்தன. நகரத்து அச்சகத்துக்கு அனுப்பிவிடலாம் என்றார் ஆசிரியர். பெரியவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "கண்ணு முன்ன மாதிரி இல்ல சாமி. ஊசியில நூல் கோக்கவே பொழுது போயிருது" என்றார். யாரிடமும் அவர் அதைச் சொன்னதில்லை. பலகை கேட்டிராவிட்டால் இன்னும் சொல்லியிருக்கமாட்டார்.

இப்போது அவரிடம் ஒரு நேரத்தில் இரண்டு கட்டுகளுக்குமேல் செல்வதில்லை. மிகவும் சிதைந்தவை அச்சகத்துக்குப் போகின்றன. மாலையில் மாணவி திண்ணையில் அமர்ந்து ஊசிகளில் நூல் கோத்து வைக்கிறாள். மைதாப் பசையில் மயில்துத்தம் எவ்வளவு கலந்தால் பூச்சி அண்டாது என்று அவர் அவளுக்குச் சொல்லித் தருகிறார். ட்ரெல்லோவின் இலவசப் பயன்பாடே ஐவருக்குப் போதுமாயிருப்பதால், மென்பொருளுக்கென ஒதுக்கிய பணத்தில் அவருக்குக் கண்ணாடி வாங்கியாயிற்று. திண்ணையில் இன்னும் ஒன்பது கட்டுகள் இருக்கின்றன.