பதினான்கு வயது நடுவர்

இலக்கியம் பேசக் கூடும் இந்த இடத்தில் சிறுவர் கால்பந்தைப் பற்றி எழுதுவது நண்பர்கள் சிலருக்கு விநோதமாகத் தோன்றலாம். ஆனால் அதிகாரம் என்பது என்ன, அதை யாரிடம் ஒப்படைக்கலாம், ஒப்படைத்த பிறகு மற்றவர்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்ற கேள்விகளை அண்மை ஆண்டுகளில் நான் மிக அருகில் நின்று பார்த்தது, அமெரிக்கப் புறநகர் ஒன்றின் புல்வெளி மைதானங்களில்தான். என் மகள் தன் 14ஆம் வயதில் கால்பந்து நடுவரானாள்.

இங்கே அந்த ஆட்டத்தின் பெயர் சாக்கர். வசந்த காலத்திலும் இலையுதிர் காலத்திலும், சனி ஞாயிறுகளில் காலை தொடங்கிப் பொழுது சாயும்வரை ஒவ்வோர் ஊரிலும் சிறுவர் ஆட்டங்கள் ஓயாமல் நடக்கும். அத்தனைக்கும் வயது வந்த நடுவர்கள் கிடைப்பதில்லை. ஆகவே எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகளின் ஆட்டங்களைப் பெரும்பாலும் பதின்ம வயதினரே நடத்துகிறார்கள். இணையவழிப் பாடம், மைதானப் பயிற்சி, ஒரு தேர்வு. தேறியவர்களுக்கு ஒரு சின்னம் கிடைக்கும். அதை மஞ்சள் சட்டையில் குத்திக்கொண்டு, விசிலும் இரண்டு அட்டைகளும் ஒரு நாணயமுமாக அவர்கள் தனியே மைதானத்துக்குள் நடந்துபோவார்கள்.

அவர்களிடம் எதிர்பார்க்கப்படுவது என்ன என்று அவளுடைய பாடக் குறிப்புகளை ஓர் இரவு வாசித்துப் பார்த்தேன். அரை மணி நேரம் முன்னதாக வர வேண்டும். கோல் கம்பங்கள் தரையோடு பிணைக்கப்பட்டிருக்கின்றனவா என்று அசைத்துப் பார்க்க வேண்டும். கவிழ்ந்த கம்பத்தின் அடியில் சிக்கிக் குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். பந்து அந்த வயதுக்குரிய அளவா என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு காலிலும் ஷின் கார்டு இருக்க வேண்டும். காதில் கம்மல் கூடாது, மேலே பிளாஸ்திரி ஒட்டி மறைத்தாலும் கூடாது. புதிதாகக் காது குத்திக்கொண்ட ஒன்பது வயதுச் சிறுமியிடம் அதைக் கழற்றச் சொல்வது, பெனால்டி கொடுப்பதைவிடக் கடினம் என்று பின்னர் என் மகள் சொன்னாள்.

பத்து வயதுக்குட்பட்டோர் ஆட்டம் தொலைக்காட்சியில் நாம் பார்க்கும் ஆட்டம் அல்ல. அணிக்கு ஏழு பேர், பாதிக்கு 25 நிமிடம். தலையால் பந்தை முட்டக் கூடாது. வளரும் மூளைக்கு அதிர்ச்சி ஆகாது என்று அமெரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பு 2015இல் அதைத் தடை செய்தது. கோல் கீப்பர் கையில் பந்து வந்ததும் எதிரணியினர் ஒரு குறிப்பிட்ட கோட்டுக்குப் பின்னால் விலகிப் போக வேண்டும். பயத்தில் பந்தைக் கண்ணை மூடிக்கொண்டு தூர உதைக்காமல், பக்கத்திலிருக்கும் தோழனுக்குத் தட்டிக் கொடுக்கக் குழந்தை கற்றுக்கொள்ளட்டும் என்பதற்காக அந்த இடைவெளி. த்ரோ-இன் எறியும்போது பின்கால் தரையிலிருந்து எழும்பிவிட்டால், மிகச் சிறியவர்களுக்குச் சில இடங்களில் மறுவாய்ப்பு உண்டு. நடுவர் அருகில் சென்று எப்படி எறிய வேண்டும் என்று செய்துகாட்ட வேண்டும். தீர்ப்புச் சொல்பவரே பாடமும் சொல்லித்தர வேண்டிய நீதிமன்றம் வேறெங்கும் இருக்கிறதா என்று தெரியவில்லை.

நடுவர் என்ற பதவி வந்த கதையும் சுவாரசியமானது. 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பள்ளிகளில் இந்த ஆட்டம் உருப்பெற்றபோது நடுவரே கிடையாது. கனவான்கள் வேண்டுமென்றே தவறு செய்யமாட்டார்கள் என்ற நம்பிக்கை. தகராறு வந்தால் அணித்தலைவர்கள் பேசித் தீர்த்துக்கொள்வார்கள். பிறகு அணிக்கு ஒருவராக இரண்டு அம்பயர்கள் வந்தார்கள். அவர்களுக்குள்ளும் ஒத்துப்போகாதபோது கேட்பதற்கென்று எல்லைக்கோட்டுக்கு வெளியே ஒருவர் நிறுத்தப்பட்டார். வழக்கு அவரிடம் ரெஃபர் செய்யப்பட்டதால் அவர் ரெஃபரி. 1891இல்தான் அவர் கோட்டைத் தாண்டி மைதானத்துக்குள் வந்தார். அம்பயர்கள் ஓரத்துக்குப் போய் லைன்ஸ்மன்கள் ஆனார்கள். நம் மொழியில் அவரை நடுவர் என்கிறோம். நடுவுநிலைமைக்கென்று திருக்குறளில் ஓர் அதிகாரமே இருக்கிறது. ஆனால் கால்பந்து நடுவர் நடுவில் அசையாமல் நிற்க முடியாது. பந்தின் பின்னால் மூச்சிரைக்க ஓடிக்கொண்டேதான் அவர் நடுநிலையில் இருந்தாக வேண்டும்.

மொத்தம் 17 விதிகள். அவற்றில் ஐந்தாவது நடுவரைப் பற்றியது. ஆட்டம் தொடர்பான உண்மைகளில் அவருடைய முடிவே இறுதியானது என்கிறது அது. பன்னிரண்டாவது விதி, ஒரு மோதல் கவனக்குறைவால் நேர்ந்ததா, பின்விளைவை எண்ணாமல் செய்ததா, அளவு மீறிய பலத்தோடு செய்ததா என்று எடைபோடச் சொல்கிறது. இதற்கு அளவுகோல் எதுவும் கிடையாது, நடுவரின் கருத்துத்தான். பள்ளியில் கழிவறைக்குப் போகவும் ஆசிரியரிடம் அனுமதி கேட்க வேண்டிய ஒரு பெண்ணிடம், இந்தப் புல்வெளிக்குள் உன் கருத்தே இறுதி என்று சொல்கிறார்கள். இவ்வளவு பெரிய நம்பிக்கையை வேறெந்த இடத்திலும் பெரியவர்கள் குழந்தைகள்மீது வைத்து நான் கண்டதில்லை. அந்த நம்பிக்கையை அடுத்த நிமிடமே கைவிடுபவர்களும் பெரியவர்கள்தான்.

அவளுடைய மூன்றாவது ஆட்டம். குளிர் தொடங்கியிருந்த அக்டோபர் காலை. தாக்கி ஆடிய அணியின் பையன் ஒருவனை எதிரணிச் சிறுவன் காலால் தடுக்கினான். பையன் தடுமாறினான், ஆனால் விழவில்லை. பந்து அவனிடமே இருந்தது. என் மகள் இரு கைகளையும் முன்னால் நீட்டி, ஆட்டம் தொடரட்டும் என்று சைகை காட்டினாள். தவறு இழைக்கப்பட்ட அணிக்கே ஆட்டம் தொடர்வது நன்மை என்றால் விசில் ஊதாமலிருப்பது விதி. பையன் முன்னேறிக் கோலை நோக்கி உதைத்தான். பந்து கம்பத்துக்கு மேலே போனது. நன்மை கிடைத்தாயிற்று, அதைத் தவறவிட்டது அவன் கால். இனி ஃப்ரீ கிக் கிடையாது. அந்த அணியின் பயிற்சியாளர் கத்தத் தொடங்கினார். கண் தெரியவில்லையா, விதி தெரியுமா என்றெல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியாக, "உனக்கு என்ன வயது?" என்றார்.

பெற்றோர்கள் எதிர்ப்புற ஓரத்தில் நிற்க வேண்டும். நானும் அங்கேதான் நின்றேன். நடுவரின் தகப்பன் உள்ளே போகக் கூடாது என்று எந்த விதியும் தனியாகச் சொல்லவில்லை. ஆனால் நான் ஓர் அடி எடுத்து வைத்தால், அந்தப் பயிற்சியாளரின் கேள்விக்கு நானே பதில் சொன்னதாகிவிடும். நின்றேன். அந்த ஒரு நிமிடத்தின் நீளம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

பயிற்சியில் மூன்று படிகள் சொல்லித் தருகிறார்கள்: முதலில் கேள், பிறகு எச்சரித்துச் சொல், அதற்கும் அடங்காவிட்டால் வெளியேற்று. 2019 முதல் பயிற்சியாளர்களுக்கும் மஞ்சள், சிவப்பு அட்டைகளைக் காட்டலாம். பார்வையாளர்களுக்கு அட்டை கிடையாது. அவர்களை அடக்கும் பொறுப்பைப் பயிற்சியாளரிடம் விட வேண்டும், முடியாவிட்டால் ஆட்டத்தையே நிறுத்தலாம். அவள் பந்து வெளியே போகும்வரை காத்திருந்து, ஆட்டத்தை நிறுத்தி, ஓடாமல் நடந்து அவரிடம் போனாள். "எனக்கு 14 வயது. இந்த ஆட்டத்தின் நடுவர் நான். கத்துவதை நிறுத்துகிறீர்களா?" என்று கேட்டாள். அவர் நிறுத்தினார். இரண்டாம் பாதியில் மறுபடி தொடங்கினார். மஞ்சள் அட்டை வந்தது.

அன்றிரவு அவள் அறிக்கை எழுதினாள். எழுத்தில் ஆர்வமுள்ளவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நடந்தது மட்டும் இருக்க வேண்டும்: எந்த நிமிடம், எங்கே நின்று, யார், என்ன சொன்னார். அவர் சொன்ன சொற்கள் அப்படியே வர வேண்டும், உன் அபிமானமும் அபிப்பிராயமும் வரக் கூடாது. 'மிகக் கேவலமாக' என்று பொருள்படும் ஒரு சொல்லை எழுதி, சற்று நேரம் பார்த்துவிட்டு அழித்தாள். அவர் கேட்ட கேள்வியை மேற்கோள் குறிக்குள் இட்டாள். அடைமொழி போனபிறகு அந்த வாக்கியம் இன்னும் கடுமையாக இருந்தது.

இதெல்லாம் வெறும் கூச்சல் என்று ஒதுக்கிவிட முடியாது. 2012 டிசம்பரில் நெதர்லாந்தின் அல்மேரே நகரில், தன் மகன் ஆடிய ஆட்டத்தில் தொண்டாக லைன்ஸ்மன் வேலை பார்த்த தகப்பன் ஒருவரை எதிரணிச் சிறுவர்கள் உதைத்தார்கள். மறுநாள் அவர் இறந்தார். 2013இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், மஞ்சள் அட்டை பெற்ற 17 வயதுப் பையன் நடுவரை முகத்தில் குத்தினான். ஒரு வாரம் கழித்து அவரும் இறந்தார். அந்தப் பையன்கள் அதற்கு முன் எத்தனை சனிக்கிழமைகள் ஓரத்தில் நின்ற பெரியவர்களைக் கேட்டு வளர்ந்திருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கிறேன். நடுவர்களை வசைபாடுவோருக்கும் தாக்குவோருக்கும் உரிய தண்டனைகளை அமெரிக்கக் கூட்டமைப்பு 2025இல் கடுமையாக்கியது. இங்கிலாந்தின் சில வட்டாரச் சங்கங்கள் 18 வயதுக்குட்பட்ட நடுவர்களுக்கு ஊதா நிறக் கைப்பட்டை அணிவிக்கின்றன: பார்த்துக் கத்துங்கள், இது குழந்தை என்று சொல்வதற்கு. நல்ல யோசனைதான் என்று மகளிடம் சொன்னேன். "அப்படின்னா பதினெட்டு வயசானவங்களத் திட்டலாமாப்பா?" என்றாள்.

அவளோடு சேர்ந்து தேறிய எங்கள் பகுதிப் பிள்ளைகள் ஐவரில் இருவர்தான் இன்னும் விசிலோடு போகிறார்கள். விலகிய மூவருக்கும் விதிகள் நன்றாகவே தெரியும்.

சென்ற ஆண்டு எங்கள் பகுதியில் ஒரு 'மௌனச் சனிக்கிழமை' வைத்தார்கள். ஓரத்தில் நிற்பவர்கள் கைதட்டலாம், பேசக் கூடாது. நுழையும்போதே ஆளுக்கொரு குச்சி மிட்டாய் கொடுத்தார்கள், வாய் அடைபட்டிருக்கட்டும் என்று. ஐம்பது வயதில் நானும் ஒன்றை வாயில் வைத்துக்கொண்டு நின்றேன். அன்றுதான் ஆட்டத்தின் உள்ளிருந்து வரும் சத்தங்கள் முதல்முறையாகக் கேட்டன. "எனக்கு, எனக்கு" என்று பந்து கேட்கும் குரல்கள். விழுந்தவனிடம் "வலிக்கிறதா?" என்று கேட்கும் எதிரணிப் பெண். இடையிடையே என் மகளின் குரல், தாழ்ந்து, அவசரமில்லாமல்: "பின்கால் தரையில் இருக்கட்டும். சரி, இன்னொரு முறை எறி."