ஓட்டல் வந்தால் பேலாப்பூர் விடியுமா?

நம்ம ஊரில் ஓட்டல் என்றால் இட்லி, வடை கிடைக்கும் இடம். ராத்திரி தங்க லாட்ஜ். நான் சொல்ல வந்தது இரண்டும் இல்லை. வாசலில் தலைப்பாகைக்காரர் சல்யூட் அடிப்பாரே, அந்த வகை நட்சத்திர ஓட்டல். அப்படி ஒன்று புதிதாக வந்தால் எங்கள் பேலாப்பூரே உயிர் பெற்றுவிடும் என்று கொஞ்ச நாளாக எங்கள் சொசைட்டியில் ஒரே பேச்சு. ஸ்டேஷனுக்கும் எங்கள் கட்டடத்துக்கும் நடுவில் புதர் மண்டிக் கிடக்கும் காலி மனையை அதற்கு ஒதுக்கச் சொல்லி சிட்கோவுக்கு மனு கொடுக்க வேண்டுமாம். நான் கணக்குத் தணிக்கை ஆள், ஓரிரண்டு ஓட்டல்களின் கணக்குப் புத்தகங்களைப் புரட்டியவன் என்பதால் மனு எழுதும் வேலை என் தலையில் விழுந்தது.

மும்பைப் பக்கம் வராதவர்களுக்காகக் கொஞ்சம் பழைய கதை. மும்பைக்கு மூச்சு முட்டுகிறது, கடற்கழிக்குக் கிழக்கே புது நகரம் கட்டலாம் என்று 1960களில் சார்லஸ் கொரியா, பிரவினா மேத்தா, ஷிரிஷ் படேல் மூவரும் யோசனை சொன்னார்கள். அதைக் கட்ட 1970இல் சிட்கோ பிறந்தது. புது நகரத்தின் வியாபார மையமாக பேலாப்பூரைக் குறித்தார்கள். ஸ்டேஷன் பெயரில் இன்றைக்கும் ஒட்டிக்கொண்டிருக்கும் 'சி.பி.டி.' என்பது 'சென்ட்ரல் பிசினஸ் டிஸ்ட்ரிக்ட்' என்பதன் சுருக்கம்தான். மாநில அரசின் தலைமைச் செயலகமே இங்கே வந்துவிடும் என்று எதிர்பார்ப்பு. மந்திராலயா தென்மும்பையை விட்டு நகரவில்லை. கொங்கண் பவன், சிட்கோ பவன், ரிசர்வ் வங்கி அலுவலகம் என்று சில வந்தன. 1993இல் ரயிலும் வந்தது.

விளைவு என்ன? அலுவலகங்கள் இருக்கும் பக்கம் காலை பத்து மணிக்கு நிரம்பும், மாலை ஆறரைக்குக் காலியாகும். செக்டர் 15 பக்கம் சாப்பாட்டுக் கடைகள் இருப்பதால் அங்கே மட்டும் ராத்திரி வெளிச்சம். பக்கத்து ஸ்டேஷனான சீவுட்ஸில் 2017இல் ரயில் நிலையத்தின் மேலேயே பெரிய மால் திறந்தபிறகு, குழந்தை குட்டியோடு கிளம்பும் கூட்டமெல்லாம் அங்கே போய்விட்டது.

என் மனைவிக்கு ஃபோர்ட்டில் வேலை. ஒன்பது மணி வாக்கில்தான் ரயிலை விட்டு இறங்குவாள். அந்த இருட்டு அலுவலகக் கட்டடங்களுக்கு நடுவே ஏழெட்டு நிமிடம் நடக்க வேண்டும். மழைக்காலத்தில் குடையும் பையுமாக அவள் வந்து சேரும்வரை நான் பால்கனியில் நிற்பேன். "எனக்கு அஞ்சு நட்சத்திரமெல்லாம் வேண்டாங்க. அந்த நேரத்துல நாலு மனுஷங்க நடமாட்டம் இருந்தா போதும்" என்றாள். அதனால் இந்த ஓட்டல் விஷயத்தை மற்றவர்கள் மாதிரி ஃபிளாட் விலை ஏறுமா என்று மட்டும் என்னால் பார்க்க முடியவில்லை.

ஓட்டல் கேட்பவர்கள் சொல்லும் காரணத்திலும் நியாயம் இருக்கிறது. 2023 நவம்பரில் பேலாப்பூரிலிருந்து பேந்தர் வரை மெட்ரோ ஓட ஆரம்பித்தது. 2024 ஜனவரியில் அடல் சேது திறந்தது. நவி மும்பை விமான நிலையம் 2025 அக்டோபர் 8 அன்று திறக்கப்பட்டு, டிசம்பர் 25 முதல் விமானங்கள் பறக்கின்றன. முதல் கட்டத்திலேயே ஆண்டுக்கு 2 கோடிப் பயணிகளுக்கு இடம். வருகிறவர்கள் தங்க அறை வேண்டும்தானே?

வேண்டும். ஆனால் அறை நிரம்புவது வேறு, தெரு நிரம்புவது வேறு. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 150 அறை, அதில் சராசரியாக நூற்றுக்கு அறுபது நிரம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். 90 அறை. வேலை விஷயமாக வருகிறவர்கள் பெரும்பாலும் தனி ஆள். ஆக ராத்திரிக்கு 120 பேர் தேறினால் பெரிது. ஒரே ஒரு 12 பெட்டி லோக்கல் ரயிலிலிருந்து மாலையில் பேலாப்பூரில் இறங்கும் கூட்டம் இதைவிட அதிகம். அந்த 120 பேரும் காரில் வந்து போர்ட்டிகோவில் இறங்கி, உள்ளேயே சாப்பிட்டு, உள்ளேயே தூங்கி, காலையில் காரிலேயே கிளம்பிவிடுவார்கள். நம்மைப் போன்ற குடும்பங்கள் வாரா வாரம் உள்ளே போய்ச் சாப்பிடப் போவதும் இல்லை. அறை வாடகை 7,500 ரூபாயைத் தாண்டும் ஓட்டல் என்றால் சாப்பாட்டு பில்லில் 18 சதவீதம் ஜி.எஸ்.டி.; வெளியே சாதாரணக் கடையில் 5 சதவீதம்.

பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸைப் பார், நட்சத்திர ஓட்டல்கள் வந்து எப்படி ஆகிவிட்டது என்று சேர்மன் சொன்னார். அங்கே வரிசை தலைகீழ். முதலில் தேசியப் பங்குச் சந்தையும் வங்கித் தலைமையகங்களும் வந்தன. 2010ஐ ஒட்டித்தான் பெரிய ஓட்டல்கள். ஆள் வந்த இடத்துக்கு ஓட்டல் வந்ததே தவிர, ஓட்டல் போய் ஆளைக் கூட்டி வரவில்லை.

அப்படியானால் ஓட்டலால் தெருவுக்குப் பயனே இல்லையா? இருக்கிறது, ஆனால் அது விருந்தினர் வழியாக வருவதில்லை. இந்த அளவு ஓட்டலில் சமையல், துணி வெளுப்பு, அறைப் பராமரிப்பு, காவல் என்று 150 பேருக்குக் குறையாமல் வேலை செய்வார்கள், மூன்று ஷிப்ட். ராத்திரி பதினோரு மணிக்கும் விடியற்காலை ஆறுக்கும் ஸ்டேஷனுக்கு நடக்கப் போவது அவர்கள்தான். டீ குடிக்கவும் பஸ்ஸுக்கு நிற்கவும் போகிறவர்களும் அவர்களே. என் மனைவி கேட்ட அந்த 'நாலு மனுஷங்க' இவர்கள்தான்.

அவர்கள் டீ குடிக்கப் போகும் இடம் அண்ணாச்சி வண்டி. திருநெல்வேலிக்காரர், மனையின் ஓரத்தில் இட்லி வண்டி போட்டிருக்கிறார். ஓட்டல் பேச்சை எடுத்ததும், "நல்லதுன்னுதான் எல்லாரும் சொல்லுதாவ சார். ஆனா அஸ்திவாரம் தோண்டுததுக்கு முன்னாடி நம்ம வண்டியத்தான தூக்குவானுவ?" என்றார். நியாயமான பயம். 2014ஆம் வருடத்துச் சாலையோர வியாபாரிகள் சட்டம், கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் கொடுக்கும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது என்கிறது. சட்டம் இருந்தாலும், ஞாபகப்படுத்த ஆள் வேண்டுமே.

யோசித்ததில் ஒன்று பிடிபட்டது. சிட்கோ வழக்கமாக மனையை ஒரேயடியாக விற்பதில்லை; நீண்ட காலக் குத்தகைக்குத்தான் விடுகிறது. குத்தகை என்றால் நிபந்தனை எழுதலாம். இடத்தைக் கொடுத்தபிறகு கெஞ்சிப் பயனில்லை, கொடுக்குமுன் கேட்க வேண்டும்.

அதனால் 'ஓட்டல் வேண்டும்' என்றோ 'வேண்டாம்' என்றோ எழுதாமல், எப்படிப்பட்ட ஓட்டல் என்று எழுதினேன். ஒன்று, தெருவைப் பார்த்த தரைத்தளத்தில் மதில் சுவர் கூடாது. மருந்துக்கடை, பேக்கரி மாதிரி தெருவில் இருந்தே ஏறும் கடைகள் இருக்க வேண்டும். இரண்டு, ஊழியர் வாசல் ஸ்டேஷன் போகும் தெருப்பக்கம் இருக்க வேண்டும், அந்தத் தெரு முழுக்க விளக்கு. மூன்று, இப்போது மனையோரம் இருக்கும் வண்டிகளுக்கு, கட்டட வேலை தொடங்குமுன்பே அதே தெருவில் இடம் குறித்துக் கொடுக்க வேண்டும்.

கூட்டத்தில் மூன்றாவதுக்குத்தான் சண்டை. வண்டிகள் இருந்தால் இடம் அசிங்கமாகும், எந்தக் கம்பெனியும் டெண்டர் போடாது என்றார்கள் சிலர். ராத்திரி ஒன்பது மணிக்கு அந்தத் தெருவில் இப்போது எரிகிற ஒரே விளக்கு அண்ணாச்சி வண்டியில்தான் என்றேன். ரயிலில் வேலைக்குப் போய்வரும் நாலைந்து வீட்டுப் பெண்கள் ஆமாம் என்றார்கள். மூன்றும் மனுவில் நின்றன.

மனு மராத்தியில் போயிருக்கிறது. நகல் ஒன்றை அண்ணாச்சியிடம் கொடுத்தேன். முப்பது வருஷமாக மராத்தி பேசுகிறவர், படிக்கத்தான் வராது. என்னைப் படித்துக் காட்டச் சொன்னார். மூன்றாவதை மட்டும் இன்னொரு தடவை படிக்கச் சொல்லிவிட்டு, காகிதத்தை மடித்துக் கல்லாப்பெட்டியில், நோட்டுகளுக்கு அடியில் வைத்துக்கொண்டார்.