நமக்குத் தளம், அவர்களுக்குக் கூரை



அம்பத்தூரில் நாங்கள் வசிக்கும் வீடு இரண்டாம் தளத்தில் உள்ளது. பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்ததும் எங்கள் மகன் எலக்ட்ரானிக் டிரம் ஒன்று வேண்டும் எனக் கேட்டான். உடனே சம்மதிக்க எங்களால் இயலவில்லை. இசைக்கருவிகள் குறித்து மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. திருமணத்திலும் பெருநாளிலும் தஃப் அடிப்பதை அனுமதிப்போர் பலர்; அதற்கு அப்பால் செல்வதை ஏற்காதோரும் பலர். ரமலான் இரவுகளில் தாயிரா அடித்துச் சஹருக்கு எழுப்பும் பக்கீர்களைக் கண்டு வளர்ந்த நாங்கள், மஹல்லா ஆலிம் ஒருவரிடம் சென்று கேட்டோம். தாம் பேணுதலின் பக்கமே சாய்வதாகக் கூறிய அவர், வாங்குவதென முடிவெடுத்தால் மூன்றைக் கவனியுங்கள் என்றார். அது தொழுகையை விழுங்கக் கூடாது. தீய சேர்க்கைக்கு இழுக்கக் கூடாது. பிறருக்குத் தொல்லை தரக் கூடாது.

முதல் இரண்டையும் மகனுடன் அமர்ந்து பேசினோம். மூன்றாவதைப் பற்றிக் கவலைப்படவேயில்லை. ஹெட்போன்தான் இருக்கிறதே!

ஆவடியில் ஒரு குடும்பத்தார் பயன்படுத்திய கருவி எங்களிடம் கைமாறி வந்தது. தோல் டிரம்களுக்குப் பதிலான பேடுகளை மாட்டுவது எளிதாக இருந்தது. சிம்பல் பேடுகளே எங்களைச் சோதித்தன. சிம்பல் என்பது தாளம் போன்ற வெண்கலத் தட்டு. இன்று மேற்கத்திய இசையின் அடையாளமாகத் தோன்றும் அது, ஐரோப்பிய இசைக்குழுக்களுக்குள் பரவியதில் உஸ்மானியப் பேரரசின் மெஹ்தர் படை இசைக்குப் பெரும் பங்கு உண்டு. சிம்பல் தயாரிப்பில் உலகப் புகழ்பெற்ற சில்ஜியன் நிறுவனமும் 1623இல் இஸ்தான்புல்லில் ஓர் ஆர்மீனியரால் தொடங்கப்பட்டதுதான்.

எலக்ட்ரானிக் சிம்பலில் வெண்கலம் இல்லை. ரப்பர் போர்த்திய தட்டுக்குள் பீசோ எனும் சிறு வில்லை இருக்கிறது. அழுத்தமோ அதிர்வோ பட்டால் அது மின்துடிப்பை உண்டாக்கும். 1880இல் பியர் கியூரியும் அவருடைய அண்ணன் ஜாக் கியூரியும் கண்டறிந்த தன்மை இது. நம் அடுப்படியில் கேஸ் பற்றவைக்கும் லைட்டரில் பொறி பறப்பதும் இதே தன்மையால்தான். பீசோ அனுப்பும் துடிப்பை மாட்யூல் எனும் பெட்டி ஓசையாக மாற்றுகிறது.

எங்கள் சிம்பலில் நடுப்பகுதி ஒலித்தது, விளிம்பு ஒலிக்கவில்லை. விளிம்பைக் கையால் பிடித்தால் ஓசை நிற்க வேண்டும், அதுவும் நடக்கவில்லை. பேடு பழுது என்று முடிவுகட்டும் முன், நன்றாக இயங்கும் மற்றொரு சிம்பலின் கேபிளை எடுத்து இதில் செருகிப் பார்த்தோம். விளிம்பு உயிர்பெற்றது. கேபிளை மாற்றியும் குறை நீங்காதிருந்தால் பேடையோ மாட்யூலின் துளையையோ சந்தேகிக்க வேண்டியிருக்கும். எங்களுக்கு வந்திருந்தது மோனோ கேபிள். நடுவுக்கும் விளிம்புக்கும் தனித்தனிச் சைகை செல்ல ஸ்டீரியோ கேபிள் வேண்டும். முனையில் இரண்டு கறுப்பு வளையங்கள் இருந்தால் அது ஸ்டீரியோ. ரிட்சி தெருவில் ஒன்று வாங்கி வந்தோம். தட்டு சுழலாமலிருக்க அடியில் தடுப்பானைப் பொருத்தி, மேல் திருகைச் சற்றுத் தளர்வாக விட்டு, தட்டு அசையும்போது கேபிள் இழுபடாதவாறு கொஞ்சம் நீளம் விட்டுக் கட்டினோம்.

அடுத்த சிக்கல் விசித்திரமானது. காலால் பெடலை மிதித்தால், யாரும் தொடாத சிம்பல் தானாக ஒலித்தது. பெடலின் அதிர்வு இரும்புச் சட்டம் வழியே ஏறிச் சிம்பலின் பீசோவை எட்டியதே காரணம். தளர்ந்த பிடிப்புகளை இறுக்கினோம். மாட்யூலில் ‘திரெஷோல்ட்’ என்னும் அளவைச் சிறிது சிறிதாக உயர்த்தினோம். அந்த அளவுக்குக் குறைந்த அதிர்வை மாட்யூல் பொருட்படுத்தாது. மிகவும் உயர்த்தினால் மென்மையான அடிகளும் கேட்காமல் போகும். சிம்பல் அமைதியானது, சிக்கல் தீர்ந்ததென மகிழ்ந்தோம்.

சில வாரங்களுக்குப் பின், கீழ்வீட்டு அம்மாளுக்குக் காய்ச்சல் என்றறிந்து நலம் விசாரிக்கச் சென்றோம். லுஹர் கடந்த நேரம். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இரவு ஷிப்டு முடித்து வந்த அவருடைய மகன், உள்ளறையில் தலையணையைக் காதின்மேல் வைத்து அழுத்திப் படுத்திருந்தார். தலைக்கு மேலே ‘தும், தும்’ என்று ஓயாமல் ஏதோ இடித்தது. அது எங்கள் வீடு என உணர எங்களுக்குச் சில நொடிகள் ஆயின.

“பையன் கத்துக்கறான், பழகிடுச்சும்மா” என்றார் அந்த அம்மாள். அவர் ஒரு நாளும் மேலேறி வந்து முறையிட்டதில்லை. அந்தப் பொறுமையே எங்களை அதிகம் வெட்கப்படுத்தியது.

அண்டை வீட்டாரின் உரிமையை ஜிப்ரீல் (அலை) இடைவிடாது வலியுறுத்தியதால், அவர்களைச் சொத்துக்கும் வாரிசாக்கிவிடுவாரோ என்று நபி (ஸல்) அவர்கள் எண்ணியதாக வரும் ஹதீஸை எத்தனையோ ஜும்ஆக்களில் கேட்டிருக்கிறோம். அண்டை வீட்டார் எம்மதத்தவராயினும் அவ்வுரிமை உண்டு. ஆனால் நாங்கள் செய்தது என்ன? அதிர்வைப் பொருட்படுத்தாதே என்று மாட்யூலுக்குச் சொன்னோம். அதிர்வோ நிற்கவில்லை, சட்டத்தில் ஏறியது போலவே தளத்திலும் இறங்கிக்கொண்டிருந்தது. எங்கள் காதுக்கு எட்டாததை இல்லை என்றே எண்ணியிருந்தோம்.

அன்றே டிரம்மை நிறுத்தினோம். தரைவிரிப்பு மட்டும் இத்தகைய இடியைத் தடுக்காது. கான்கிரீட் தளம் அதைத் தாராளமாகக் கடத்தும். அம்பத்தூர் ஓ.டி.யில் இரண்டு பிளைவுட் பலகைகள் வாங்கி, அவற்றுக்கிடையே பாதி புதையும்படி 24 டென்னிஸ் பந்துகளைப் பரப்பி ஒரு மேடை செய்தோம். பந்துகள் அதிர்வைப் பெருமளவு உறிஞ்சிக்கொள்கின்றன. மேடைமேல் கருவியை வைத்து மகனை வாசிக்கச் சொல்லிவிட்டு, நாங்கள் கீழ்வீட்டில் அமர்ந்து கேட்டோம். ஓசை முற்றிலும் மறையவில்லை, மிகவும் மங்கியிருந்தது.

எஞ்சியதற்கு நேரத்தை மாற்றினோம். கீழ்வீட்டுத் தம்பியிடமே அவர் உறங்கும் நேரத்தைக் கேட்டறிந்தோம். இப்போது அஸர் தொழுகைக்குப் பின் தொடங்கி, மஃரிப் பாங்குக்கு முன் மகன் எழுந்துவிடுகிறான். ஷிப்டு மாறும் வாரங்களில் அவனே கீழே இறங்கிச் சென்று, “அண்ணே, இன்னைக்கு வாசிக்கலாமா?” என்று கேட்டு வருகிறான். வேண்டாம் என்றால் அன்று உறை மூடியே இருக்கும்.

அவன் தாளம் தேர்ந்தானா என்பது எங்களுக்குத் தெரியாது. கேட்டுவிட்டு வாசிக்கப் பழகியிருக்கிறான். அல்ஹம்துலில்லாஹ்.