டயர் மாத்தின கதையும் அம்மாவோட முகப்பவுடரும்

மக்களே, டூவீலர் டயரை வீட்டுலயே மாத்தலாமா? தாராளமா மாத்தலாம். ஆனா முதல் தடவை மாத்திட்டு, பெத்த தாயைப் பின்னாடி உட்கார வச்சு அம்பது கிலோமீட்டர் போகக்கூடாது. இதான் கதையோட நீதி. அவசரமா போறவங்க இதோட கிளம்பிடலாம் :-)

மிச்சப்பேர் வாங்க, விலாவாரியா சொல்றேன்.

நம்ம வண்டி பழைய ஸ்ப்ளெண்டர். ஸ்போக்ஸ் வீல், டியூப் டயர், முன்னாடியும் பின்னாடியும் 2.75-18 சைஸ். சங்கரன்கோவில் பக்கம் வண்டி ஓட்டுறவனுக்கு சீமைக்கருவேல முள்ளைப் பத்தி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்ல. முன் டயர் வழுக்கையாகி, வாரம் ஒரு பஞ்சர். சரின்னு புது டயரும் டியூபும் வாங்கினேன். (டயர் வாங்கும்போது பக்கவாட்டுல நாலு இலக்க நம்பர் இருக்கும், பாருங்க. 2423ன்னு இருந்தா 2023ஆம் வருஷம் 24ஆவது வாரம் செஞ்சதுன்னு அர்த்தம். பழசைத் தலையில கட்டினா கண்டுபிடிச்சிடலாம்.)

கடையில மாட்டித் தர்றேன்னாங்க. "இல்லண்ணே, நானே பார்த்துக்கிடுதேன்"னு பெருமையா தூக்கிட்டு வந்துட்டேன். மூணு லீவர், ஒரு கால் பம்பு, வீட்டு வாசல். ரெண்டு மணி நேரம் மல்லுக்கட்டி, கடைசி அரை அடியை லீவரால நெம்பித் தள்ளி, மாட்டியே போட்டேன். தெருவுல ரெண்டு ரவுண்டு போனேன். ராஜா மாதிரி இருந்துச்சு.

மூணாம் நாள் அம்மாவுக்குத் திருநெல்வேலியில கண் டாக்டர்கிட்ட தேதி. பஸ்ல போவோம்னு அம்மா சொன்னா. நாந்தான் கேக்கல. பனவடலிசத்திரம் வரைக்கும் நல்லாத்தான் போச்சு. அறுபதைத் தொட்டா மட்டும் ஹேண்டில்ல ஒரு நடுக்கம். ரோடு சரியில்ல போலன்னு நினைச்சுக்கிட்டேன். தேவர்குளம் தாண்டினதும் முன் வீல் குழைய ஆரம்பிச்சுது. மெதுவா போனதால ரெண்டு பேரும் தப்பிச்சோம். முன் டயர் திடீர்னு இறங்கினா வண்டி நம்ம பேச்சைக் கேக்காதுங்கிறதை அன்னைக்குக் கைநடுங்கத் தெரிஞ்சுக்கிட்டேன்.

அம்மாவை வேப்பமரத்தடியில உட்கார வச்சிட்டு, வண்டியைத் தள்ளிக்கிட்டுப் போய் ஒரு பஞ்சர் கடையைப் பிடிச்சேன். அண்ணாச்சி டியூபை உருவித் தண்ணியில முக்கினார். டயர்பக்கம் ஒண்ணுமில்ல. ரிம் பக்கம் சின்னதா ஒரு வெட்டு.

"இது முள்ளு இல்ல தம்பி. லீவர் கடிச்சிருக்கு. எந்தக் கடையில மாட்டுனீய?"

நான் பதில் சொல்லல. அவருக்குப் புரிஞ்சுபோச்சு :-(

அன்னைக்கு டாக்டரைப் பார்க்க முடியல. அடுத்த தேதி பத்து நாள் கழிச்சு. அம்மா திட்டியிருந்தா நல்லாருந்திருக்கும். ஒண்ணுமே சொல்லல. அதான் உறுத்துச்சு.

அண்ணாச்சி ஒட்டுப் போட்டு மாட்டும்போது பக்கத்துலயே உட்கார்ந்து பார்த்தேன். நான் செஞ்ச தப்பு ஒவ்வொண்ணும் தெரிஞ்சுது.

ஒண்ணு, டியூபை உள்ள விடுறதுக்கு முன்னாடி லேசா காத்து அடிக்கணும். அப்பத்தான் வட்டமா நிக்கும், மடிஞ்சு லீவர்ல சிக்காது. நான் சப்பையா விட்டிருந்தேன்.

ரெண்டு, மாட்டுறதை வால்வுக்கு எதிர்ப்பக்கம் ஆரம்பிச்சு வால்வுகிட்ட முடிக்கணும். ரிம்முக்கு நடுவுல ஒரு குழி இருக்கு இல்லையா, ஏற்கெனவே மாட்டின பக்கத்து பீடிங்கை முழங்காலால அமுக்கி அந்தக் குழிக்குள்ள இறக்கினா இந்தப் பக்கம் தானா லூஸ் கிடைக்கும். பலம் வேண்டாம். பலமா நெம்ப வேண்டியிருந்தா எதிர்ப்பக்கம் குழியில இல்லைன்னு அர்த்தம். பீடிங்ல சோப்புத் தண்ணியும் தடவணும்.

மூணு, டியூபுக்கு முகப்பவுடர். உள்ள ஒட்டாம, இழுபடாம இருக்கும்.

நாலு, காத்து அடிச்சு, ஒருதடவை முழுசா இறக்கி, திரும்ப அடிக்கணும். டியூப்ல மடிப்பு இருந்தா நேராயிடும். அப்புறம் டயர் ஓரத்துல ஒரு கோடு ஓடும், அது ரிம்மை ஒட்டி சுத்திவர ஒரே அளவுல தெரியணும். டயர்ல அம்புக்குறி போட்டிருந்தா அது சுத்துற திசையைப் பார்க்கணும். முன்னாடி 25, தனியா போனா பின்னாடி 28 பி.எஸ்.ஐ.

பழைய டயரையே திரும்ப மாட்டுறதா இருந்தா உள்பக்கம் துணியால தடவிப் பார்க்கணும். முள்ளு நுனி ஒடிஞ்சு உள்ளயே இருந்தா புது டியூபையும் குத்தும்.

சரி, அந்த நடுக்கம்? அண்ணாச்சி வீலைச் சுத்திவிட்டுப் பார்த்தார். "கோட்டம் இல்ல. வெயிட்டுதான் ஒருபக்கமா இருக்கு"ன்னார்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். ரிம் ஓரத்துல 20 கிராம் கூடுதலா இருக்குன்னு வைங்க. 36 கிலோமீட்டர் வேகத்துல அது சுமார் அரை கிலோ விசையோட வீலை இழுக்கும். வேகம் ரெண்டு மடங்கானா விசை நாலு மடங்கு. 72ல ரெண்டு கிலோ! அதுவும் ஒரு செகண்டுக்குப் பத்து தடவைக்கு மேல. தெருவுல ஓட்டினப்போ தெரியாதது அறுபதுல ஏன் தெரிஞ்சுதுன்னு புரிஞ்சுதா?

இதுக்கு மெஷின் வேண்டாம். முன் வீலைக் கழட்டி, பிரேக் பிளேட்டை எடுத்துட்டு, ஆக்ஸிலை மட்டும் சொருகி ரெண்டு ஸ்டூலுக்கு நடுவுல தொங்கவிட்டேன். மெதுவா சுத்திவிட்டா கனமான பக்கம் கீழ வந்து நிக்கும். மூணு தடவையும் அதே இடம் கீழ வந்துச்சு. அதுக்கு நேர் மேல இருக்கிற ஸ்போக்ஸ்ல, ரேடியோ ரிப்பேருக்கு வாங்குற ஈயக்கம்பியைக் கொஞ்சம் கொஞ்சமா சுத்தினேன். எந்த இடத்துல விட்டாலும் வீல் அப்படியே நிக்கிற வரைக்கும். அப்புறம் நகைக்கடையில இருக்கிற சேக்காளிகிட்ட அதை எடை போட்டேன், 15 கிராம். திரும்ப ரிம் ஓரமா இறுக்கிச் சுத்தி டேப் ஒட்டியாச்சு. டயர்ல கலர் புள்ளி இருந்தா அதை வால்வு பக்கம் வச்சு மாட்டணுமாம், லேசான பக்கத்துக்கு அதான் அடையாளம். முதல்லயே பார்த்திருந்தா பாதி வேலை மிச்சம்.

ஒண்ணு சொல்லிடறேன். ரிம் கோட்டம், பேரிங் ஆட்டம், கோன் செட் தேஞ்சது இதெல்லாம் இருந்தா ஈயம் ஒண்ணும் செய்யாது. அதை முதல்ல பார்த்துட்டு இதுக்கு வாங்க.

காத்தடிச்ச டயருக்கு 1845லயே தாம்சன்னு ஒருத்தர் காப்புரிமை வாங்கியிருக்கார். அதை 1888ல பெல்ஃபாஸ்ட்ல மறுபடி கண்டுபிடிச்ச டன்லப் ஒரு மாட்டு டாக்டர். மகனோட மூணு சக்கர சைக்கிள் குலுங்குதேன்னு செஞ்சாராம். அவர் மகனுக்காகக் குனிஞ்சு உட்கார்ந்தார், நான் அம்மாவுக்காக. அவர் உலகத்தை மாத்தினார், நான் ஒரு டியூப். ஹி ஹி.

பத்தாம் நாள் மறுபடி கிளம்பினோம். இந்தப் பத்து நாளும் ராஜபாளையம் ரோட்டுல தனியா ஓட்டி ஓட்டிப் பார்த்துட்டுத்தான் கூப்பிட்டேன். அறுபதுல ஹேண்டில் அசையல. மானூர் தாண்டினதும் பின்னாடி இருந்து குரல்.

"ஏய்யா, இன்னைக்கு ஆட்டமே இல்லியே."

"ஆமாம்மா, சரி பண்ணிட்டேன்."

"என் பவுடர் டப்பா காலியா கெடக்கு. வரும்போது ஒண்ணு வாங்கணும்."

டவுனுக்குள்ள நுழையும்போதுதான் கவனிச்சேன். அம்மா மடியில இருந்த மஞ்சப்பைக்குள்ள, கண் டாக்டர் சீட்டுக்குப் பக்கத்துல, என் கால் பம்பு இருந்துச்சு.