எந்தக் கோழி போட்ட ஜல்லி?

என் வாழ்க்கையில் நான் ஒரே ஒரு செகண்ட் ஹேண்ட் வண்டிதான் வாங்கியிருக்கிறேன். ஒரு ஸ்கூட்டர். அதை ஓட்டிய தூரத்தைவிடத் தள்ளிய தூரம்தான் அதிகம். 'சார் வாக்கிங் போறார், துணைக்கு ஸ்கூட்டரையும் கூட்டிட்டுப் போறார்' என்று தெருவில் பேசிக்கொள்வார்கள்.

அப்பேர்ப்பட்ட என்னைத்தான், மச்சினன் பழைய லாரி வாங்கப் போகும்போது கூடப் போகச் சொன்னாள் என் மனைவி.

"லாரியைப் பத்தி எனக்கு என்னடி தெரியும்?"

"ஒரு தடவை நல்லா ஏமாந்திருக்கீங்கல்ல... அந்த அனுபவம் போதும்!"

சிரித்தேனே தவிர, வயிற்றைக் கலக்கியது. மச்சினன் பன்னிரண்டு வருஷமாக அடுத்தவர் லாரியை ஓட்டுகிறவன். சொந்தமாக ஒரு ஆறு சக்கர வண்டி வாங்க வேண்டும் என்பது அவன் கனவு. அவனுடைய சேமிப்பு, மாமனாரின் சேமிப்பு எல்லாம் போட்டும் பற்றாமல், மிச்சத்துக்கு என் மனைவியின் நான்கு வளையல்கள் பாங்க்குக்கு அடகு போயின. வண்டி காலை வாரினால் இரண்டு குடும்பமும் ஒரே பள்ளத்தில் விழும்.

'டிரைவருக்குத் தெரியாத லாரியா?' என்பீர்கள். ஓட்டத் தெரிவது வேறு, வாங்கத் தெரிவது வேறு. சொந்த வண்டி என்று வந்ததும், பெண் பார்க்கப் போன மாப்பிள்ளை மாதிரி ஆகிவிட்டான். பார்ப்பதெல்லாம் அழகாகவே தெரிந்தது. அதனால் சங்ககிரியிலிருந்து ஒரு மெக்கானிக் பாயைக் கூட்டிக்கொண்டோம். நாற்பது வருஷமாக லாரிக்கு அடியிலேயே குடித்தனம் நடத்துகிறவர்.

முதல் வண்டி நாமக்கல் பக்கம். புதுப் பெயின்ட், முன்னால் எலுமிச்சம்பழம், பின்னால் தாமரைப் பூ. மச்சினன் விழுந்தே விட்டான்.

"டாக்டர் ஓட்டின வண்டி மாதிரி சார்! சிங்கிள் ஓனர்" என்றார் புரோக்கர். எந்த டாக்டர் லாரி ஓட்டினார் என்று நான் கேட்கவில்லை. "என்ன லோடு ஏத்தினாங்க?" என்று மட்டும் பாய் கேட்டார்.

"முட்டை லோடு மட்டும்தானுங்க. பூ மாதிரி வெச்சிருந்தாங்க."

பாய் பதில் பேசாமல் எஞ்சின் மேல் உள்ளங்கையை வைத்தார். சுட்டது. "காலையிலேயே எழுப்பிக் காப்பி குடுத்துட்டீங்க போலிருக்கே!" என்றார். பிறகுதான் எனக்கு விளக்கினார். கோளாறுள்ள டீசல் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது சுலபத்தில் கிளம்பாது, புகையைக் கக்கும். சூடேறிவிட்டால் சமர்த்துப் பிள்ளையாகிவிடும். அதனால் பத்து மணிக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஏழு மணிக்கே போய் நிற்க வேண்டுமாம்.

எஞ்சின் ஓடும்போதே ஆயில் ஊற்றுகிற மூடியைத் திறந்தார். 'குபு குபு'வென்று புகை வந்தது. "பேக் கம்ப்ரஷன்" என்றார். பிஸ்டன் ரிங்கோ லைனரோ தேய்ந்து, எரிந்த காற்று கீழே இறங்குகிறது என்று அர்த்தம். சைலென்சரில் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் உள்ளே தண்ணீர் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். கறுப்புப் புகை வந்தால் டீசல் சரியாக எரியவில்லை.

அப்புறம் லாரிக்கு அடியில் படுத்துவிட்டார். வெள்ளைச் சட்டையோடு போன பாவத்துக்கு நானும் படுத்தேன். சேஸிஸில் ஓர் இடத்தில் மட்டும் பெயின்ட் கெட்டியாக இருந்தது. ஸ்பானரால் சுரண்டினார். உள்ளே வெல்டிங் தழும்பு! ஸ்பிரிங் பட்டைகள் வளைவே இல்லாமல் நிமிர்ந்து கிடந்தன. போதாததற்கு ஒரு பட்டை கூடுதலாகவும் சேர்த்திருந்தார்கள். "அளவுக்கு மேல சுமந்த வண்டி" என்றார்.

கடைசியில் பாடி மேல் ஏறினார். மூலையில் பலகை இடுக்கில் விரலை விட்டு எதையோ நோண்டி எடுத்துவந்து, புரோக்கர் உள்ளங்கையில் வைத்தார். நாலைந்து ஜல்லிக் கல்!

"இது எந்தக் கோழி போட்டதுங்க?"

புரோக்கருக்கு அவசரமாக ஒரு போன் வந்துவிட்டது.

இரண்டாவது வண்டி 2016 மாடல். உரிமையாளரே ஓட்டி வந்தது. ஏழு மணிக்கே போய் நின்றோம். ஜில்லென்று இருந்த எஞ்சின், சாவியைத் திருப்பியதும் பிடித்துக்கொண்டது. சாவி போட்டதும் டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்குகள் எரிகின்றனவா, கிளம்பியதும் அணைகின்றனவா என்று பார்த்தார் பாய். எரியவே இல்லையென்றால் கோளாறு இல்லை என்று சந்தோஷப்படக் கூடாதாம். பல்பையே யாராவது பிடுங்கியிருக்கலாம்! 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 வண்டி என்றால் யூரியா டாங்க் சமாசாரம் வேறு இருக்கிறது. அதற்கு இந்த விளக்குகளை இன்னும் உன்னிப்பாகப் பார்க்க வேண்டும்.

முன் சக்கரத்தை ஜாக்கி போட்டுத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். கிங் பின்னோ பேரிங்கோ தேய்ந்திருந்தால் 'லொடக்' என்று பேசும். பேசவில்லை. டயர் பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்கத்தைப் படிக்கவும் சொல்லிக்கொடுத்தார். '3221' என்றால் 2021-ம் வருஷம் 32-வது வாரம் தயாரானது. ஆறு சக்கரமும் ஒரு ஸ்டெப்னியும் சேர்ந்தால் ஏழு டயர். ஏழையும் மாற்ற வேண்டி வந்தால் அதுவே ஒரு கல்யாணச் செலவு. மீட்டரில் கிலோமீட்டர் குறைவாக இருக்கிறதென்று மயங்காமல், கிளட்ச் பெடல் ரப்பரையும் டிரைவர் சீட்டையும் பார்க்கச் சொன்னார். "மீட்டரைத் திருப்பலாம் சார். தேய்ஞ்ச ரப்பரை எவனும் ஞாபகமா மாத்த மாட்டான்."

பிறகு லோடோடு ஒரு மேட்டில் ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு, "வண்டி சுத்தம். தைரியமா வாங்கலாம்" என்று கையைத் துடைத்துக்கொண்டார்.

மச்சினன் அட்வான்ஸ் கவரை எடுத்தான். அப்போதுதான் எனக்குள் இருக்கும் குமாஸ்தா விழித்துக்கொண்டான்.

எனக்கு ஸ்பானர் பிடிக்கத் தெரியாது. ஆனால் இருபத்திரண்டு வருஷமாக ஃபைல் பார்க்கிறவன். "ஆர்.சி.யைக் கொடுங்க" என்றேன். சேஸிஸ் நம்பர் மேல் ஒரு பேப்பரை வைத்து, பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுத்தேன். ஆர்.சி.யில் இருப்பதோடு ஒவ்வோர் எழுத்தாகப் பொருத்தினேன். சரியாக இருந்தது. மொபைலில் 'பரிவாஹன்' பக்கத்தைத் திறந்து எஃப்.சி., இன்ஷூரன்ஸ், காலாண்டு வரி, இ-சலான் பாக்கி எல்லாம் பார்த்தேன். எட்டு வருஷம் தாண்டிய லாரிக்கு வருஷா வருஷம் எஃப்.சி. காட்ட வேண்டும். அதுவும் சரி.

ஆனால் ஃபைனான்ஸ் கம்பெனியின் பெயர் அப்படியே இருந்தது.

"அது சும்மா பேருதானுங்க... கடனெல்லாம் முடிஞ்ச மாதிரிதான். என்.ஓ.சி. அடுத்த வாரம் வந்துரும்" என்றார் உரிமையாளர்.

ஆபீஸில் 'முடிஞ்ச மாதிரிதான்' என்று யாராவது சொன்னால், இன்னும் தொடங்கவே இல்லை என்று அர்த்தம். "அப்போ அடுத்த வாரமே பணம் தர்றோம்" என்றேன்.

மச்சினன் முகம் சிவந்துவிட்டது. "மாமா, பாயே சரின்னுட்டாரு. கைக்கு வந்த வண்டியை நீங்க கெடுக்கறீங்க. வேற பார்ட்டி வந்துட்டா என்ன பண்றது?" என்றான். பன்னிரண்டு வருஷத்தில் அவன் என்னிடம் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. திரும்பி வரும் வழியெல்லாம் பேசவில்லை. வீட்டிலும் அவன் அக்கா எனக்குப் போட்ட தோசையில் கருகல் வாசனை தூக்கலாக இருந்தது.

மூன்றாம் நாள் உரிமையாளர் இறங்கி வந்தார். எல்லோரும் ஒன்றாகவே ஃபைனான்ஸ் ஆபீசுக்குப் போனோம். ஏழு தவணை பாக்கி! "பொய் சொல்லணும்னு இல்லீங்க. கடன் இருக்குன்னு சொன்னா அடிமாட்டு விலைக்குக் கேட்கறாங்க. பொண்ணு கல்யாணம் நிக்குது" என்று தலையைக் குனிந்துகொண்டார். எனக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் அன்றைக்கே முழுப் பணத்தையும் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒருநாள் நடு ரோட்டில் லோடோடு வண்டியை ஓரங்கட்டி, ஃபைனான்ஸ்காரர்கள் சாவியைக் கேட்டிருப்பார்கள். கொடுக்க வேண்டியவன் என் மச்சினன்.

வண்டியை வேண்டாம் என்று சொல்லவில்லை. வழியை மட்டும் மாற்றினோம். கடன் பாக்கியை நேராக ஃபைனான்ஸ் கணக்கிலேயே கட்டி ரசீது வாங்கினோம். என்.ஓ.சி.யும், அவர்கள் கையெழுத்து போட்ட 35-ம் நம்பர் ஃபாரமும் கைக்கு வந்த பிறகுதான் உரிமையாளருக்கு மிச்சப் பணம். 29, 30 ஃபாரங்களில் கையெழுத்து வாங்கியதும் ஆர்.டி.ஓ. ஆபீஸ். இன்ஷூரன்ஸில் பெயர் மாற்றப் பதினாலு நாளைக்குள் மனு கொடுக்க வேண்டும். பர்மிட் மாற்றுவதையும் மறக்கக் கூடாது.

விற்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 'பெயர் மாத்தறதை அப்புறம் பார்த்துக்கலாம்' என்று விட்டுவிடாதீர்கள். விற்றுவிட்ட வண்டி விபத்தில் சிக்கினாலும், ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது.

லாரி ஓட ஆரம்பித்தது. பதினோராவது மாதம் மச்சினன் வீட்டுக்கு வந்தான். துணிப் பையைத் திறந்து வளையல்களை அக்கா கையில் வைத்தான். எண்ணிப் பார்த்தேன். மூன்றுதான் இருந்தது.

"நாலாவது எங்கடா?"

தலையைச் சொறிந்தான். "பின் டயர் ரெண்டு வெடிச்சிருச்சு மாமா. மீட்ட கையோட அதை மட்டும் மறுபடி வெச்சுட்டேன். ரெண்டு மாசத்துல எடுத்துத் தந்தர்றேன்."

நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி முந்திக்கொண்டாள். "விடுங்க. ஒண்ணு ரோட்டுல ஓடுது, அவ்வளவுதானே!"

அன்றைக்குப் போட்ட தோசை கருகவில்லை.